பன்னிரண்டாம் ஹாப்பில் என்ன நடக்கிறது?

ஒரு பாக்கெட் எந்தெந்த ரூட்டர்களைக் கடந்து போகிறது என்று பதிவு செய்ய இணையத்தின் அடிப்படை விதிகளிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. 1981 செப்டம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 791 அதைச் சொல்கிறது. பாக்கெட்டின் தலைப்பகுதியில் கொஞ்சம் இடம் காலியாக விட்டு அனுப்பினால், வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் தன் முகவரியை அதில் எழுதி மேலே அனுப்பும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐபி தலைப்பகுதி 60 பைட்டைத் தாண்டக் கூடாது. அதில் 20 பைட் கட்டாயச் செலவு. மீதி 40இல் 3 பைட் கணக்கு வைக்கப் போய்விடும். ஒரு முகவரிக்கு 4 பைட். வகுத்துப் பாருங்கள், ஒன்பது முகவரிக்குத்தான் இடம் வரும். பத்தாவது ரூட்டருக்கு எழுத இடமில்லை. போதாக்குறைக்கு, இப்படிப் பதிவு கேட்டு வரும் பாக்கெட்டைக் கண்டாலே தூக்கியெறியும் ரூட்டர்கள் இன்று ஏராளம்.

ஆகவே வழியை நேராகக் கேட்டால் பதில் வராது. குறுக்கே புகுந்துதான் கேட்க வேண்டும். அந்தக் குறுக்கு வழியின் பெயர் டிரேஸ்ரூட். நாற்பது வருடத்தை எட்டப்போகிற இந்தச் சின்ன நிரலைப் போலப் பார்க்கப் பார்க்க நயம் தட்டும் கருவிகள் கணினி உலகில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு ஐபி பாக்கெட்டும் ஓர் எண்ணைச் சுமந்து செல்கிறது. டிடிஎல் என்பார்கள். எட்டு பிட், ஆகவே அதிகபட்சம் 255. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் மேலே அனுப்ப வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் பாக்கெட்டை அங்கேயே கொன்றுவிட்டு, ‘உன் பாக்கெட்டின் ஆயுள் என்னிடம் முடிந்தது’ என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி என்ற நெறிமுறையில் ஒரு பிழைச் செய்தி போட வேண்டும். வழி தவறி வட்டமடிக்கும் பாக்கெட்டுகள் சாகாவரம் பெற்று வலையை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி இது. இதை எழுதியவர்கள் நொடிக் கணக்கை மனத்தில் வைத்திருந்தார்கள். நடைமுறையில் அது ரூட்டர்களின் எண்ணிக்கை ஆகிவிட்டது. ஐபியின் ஆறாம் பதிப்பு வந்தபோது பெயரையே ‘ஹாப் வரம்பு’ என்று மாற்றி உண்மையை ஒப்புக்கொண்டார்கள்; ஒரு ரூட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒரு தாவல்தான் ஹாப்.

இந்த மரண விதியைப் புரட்டிப் போட்டுப் பார்த்ததில்தான் மூளை இருக்கிறது. வேண்டுமென்றே ஆயுளைக் குறைத்து அனுப்பினால்? முதல் ஆளுக்கு ஒரு ஸ்டேஜுக்கு மட்டும் டிக்கெட், அடுத்த ஆளுக்கு இரண்டு ஸ்டேஜ், அதற்கடுத்தவருக்கு மூன்று என்று எடுத்துக் கொடுத்து ஒரே தடத்துப் பேருந்தில் ஏற்றிவிட்டால், கண்டக்டர் ஒவ்வொருவரையும் ஒவ்வோர் ஊரில் இறக்கிவிடுவார். இறக்கிவிடப்பட்ட ஊர்களின் பெயரை வரிசையாக எழுதினால் தடம் கிடைத்துவிடும். டிரேஸ்ரூட் செய்வது இதைத்தான். டிடிஎல் 1 வைத்து அனுப்பிய பாக்கெட் முதல் ரூட்டரில் சாகிறது. அங்கிருந்து வரும் பிழைச் செய்தியில் அனுப்பியவர் முகவரி என்ற இடத்தில் அந்த ரூட்டரின் முகவரி இருக்கிறது. 2 வைத்தால் இரண்டாவது. அப்படியே மேலே. வழி சொல்கிறோம் என்று அந்த ரூட்டர்களில் ஒன்றுக்கும் தெரியாது. அவை புகார்தான் எழுதுகின்றன. புகார்களைக் கோத்துப் பார்க்கிறவனுக்கு அது வரைபடமாகிறது.

இலக்கை எட்டியது எப்படித் தெரியும்? அங்கே போனால் ஆயுள் முடியாதே, புகார் வராதே. அதற்கும் ஒரு குறும்பு. பாக்கெட்டை யூடிபியில், யாரும் காதுகொடுத்துக் கேட்காத ஒரு போர்ட் எண்ணுக்கு அனுப்புகிறது டிரேஸ்ரூட். போய்ச் சேர்ந்ததும் இலக்குக் கணினி, ‘இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை’ என்று வேறு வகைப் பிழைச் செய்தி அனுப்புகிறது. ஊர் வந்த சேதியும் பிழையாகவே வருகிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு வெற்றிச் செய்திகூட இல்லாமல் ஒரு வேலை முழு வெற்றியாக முடிவது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புத்தான்.

அந்தப் போர்ட் எண் 33434 என்று தொடங்கும். மூல நிரலில் அது அப்படி எழுதப்படவில்லை. 32768 கூட்டல் 666 என்று இருக்கிறது. 32768 என்பது போர்ட் எண்களின் மேல்பாதி தொடங்கும் இடம்; சேவைகள் அதிகம் குடியேறாத பகுதி. 666 விவிலியத்தில் மிருகத்தின் எண். ஒரு பொறியாளரின் கண்சிமிட்டல் உலகமெங்கும் ஃபயர்வால் விதிகளில் போய் உட்கார்ந்துகொண்டது. முப்பது ஹாப், ஹாப்புக்கு மூன்று சோதனை, சோதனைக்கு ஒரு போர்ட் என்று 33434 முதல் 33523 வரை திறந்துவிடும் நிர்வாகிகளில் எத்தனை பேர் அந்த 666ஐ உடைத்துப் பார்த்திருப்பார்கள்!

ஒவ்வொரு சோதனைக்கும் போர்ட் எண் ஏன் ஒன்று ஒன்றாகக் கூட வேண்டும்? இதற்குள் போனால் இன்னும் சுவை. பிழைச் செய்தி அனுப்பும் ரூட்டர், செத்த பாக்கெட்டை முழுதாகத் திருப்பித் தரக் கடமைப்பட்டதல்ல. ஐபி தலைப்பகுதியும் அதற்குப் பின்னே எட்டே எட்டு பைட்டும் தந்தால் போதும் என்கிறது ஆர்எஃப்சி 792. எந்தப் புகார் எந்தப் பாக்கெட்டைப் பற்றியது என்று கண்டுபிடிக்க அந்த எட்டு பைட்டுக்குள்தான் அடையாளத்தை ஒளித்துவைக்க வேண்டும். யூடிபியின் தலைப்பகுதியே சரியாக எட்டு பைட். போர்ட் எண் அதற்குள் வந்துவிடுகிறது. பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி எக்கோவின் தலைப்பகுதியும் எட்டு பைட்; வரிசை எண் அதற்குள் இருக்கிறது. டிசிபியின் தலைப்பகுதி நீளமானது, ஆனால் அதன் முதல் எட்டு பைட்டில் இரண்டு போர்ட் எண்களும் நான்கு பைட் வரிசை எண்ணும் அடங்கிவிடுகின்றன. பிற்காலத்தில் மூன்று நெறிமுறைகளிலும் வழி தேடும் கருவிகள் வர முடிந்தது இந்த எட்டு பைட்டின் புண்ணியம்.

எழுதியவர் வான் ஜேக்கப்சன். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்தவர். டிசிபி நெரிசலைக் கட்டுப்படுத்தும் முறைகளுக்காகப் பேர் பெற்றவர். மூல நிரலின் தலையில் அவர் எழுதிவைத்த குறிப்பின் கீழே 1988 டிசம்பர் 20, அதிகாலை 3.50 என்று இருக்கிறது. ஏதோ ஒரு வழித்தடச் சிக்கலைத் துரத்திக்கொண்டிருந்தபோது 48 மணி நேரம் தூக்கமில்லாமல் பிறந்த நிரல் இது, நிரல் எழுதுவதற்கு இதை மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார். யோசனையை ஸ்டீவ் டீரிங்கிடமிருந்து திருடினேன் என்றும், சரியான கூட்டங்களுக்குப் போயிருந்தால் கை ஆல்மிஸ், மேட் மேத்திஸ் ஆகியோரிடமிருந்தும் திருடியிருக்கலாம் என்று பிறகு தெரிந்தது என்றும் சொல்கிறார். முதலில் யோசித்தவர் யார் என்று தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை, அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை என்பதே மகிழ்ச்சி என்று முடிக்கிறார். காப்புரிமைக் காலத்து ஆட்கள் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கலாம்.

நிரலைவிட எனக்குப் பிடித்தது அதன் மேன் பக்கம், அதாவது யூனிக்ஸ் கணினிக்குள்ளேயே இருக்கும் கையேட்டுப் பக்கம். கையேடு என்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் உலகத்தைத்தான் காட்டும். இது அப்படியில்லை. மூன்று முக்கிய எடுத்துக்காட்டுகள், மூன்றிலும் ஏதோ ஒரு கோளாறு. கோளாறுகளைப் படிக்கக் கற்றுத்தருவதே பாடம்.

முதல் எடுத்துக்காட்டில் பெர்க்லியிலிருந்து மிச்சிகனுக்குப் பதினொரு வரிகள். இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் அச்சு அசல் ஒன்று. ஒரே ரூட்டர் இரண்டு முறை எப்படி வரும்? இரண்டாவது ஹாப்பில் இருந்த இயந்திரத்தின் 4.3 பிஎஸ்டி கர்னலில் பிழை. டிடிஎல் பூஜ்யமான பாக்கெட்டைக் கொல்லாமல் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டது. அடுத்தவர் அதைக் கொன்று புகார் எழுதினார். மறுசுற்றில் முறைப்படி தனக்கு வந்த பாக்கெட்டுக்கும் அவரே எழுதினார். கடமை தவறியவர் பெயர் பட்டியலில் இல்லை, அவர் இருந்த இடம் மட்டும் பக்கத்து வரியின் இரட்டிப்பாகத் தெரிகிறது. அந்த வரிகளின் நேர அளவுகளையும் சற்று உற்றுப் பாருங்கள்: 19, 39, 59, 80, 99, 139. எல்லாம் இருபதின் மடங்கை ஒட்டியே நிற்கின்றன. வலையின் வேகத்தோடு, அளந்த கணினியின் கடிகாரம் எத்தனை அகலமாக அடியெடுத்து வைத்தது என்பதும் அந்த எண்களில் பதிந்துவிட்டது.

இன்னோர் எடுத்துக்காட்டு ரிப் என்ற பெர்க்லி கணினிக்கான வழி. ஆறு ரூட்டர்கள் ஒழுங்காகப் பதில் சொல்கின்றன. ஏழு முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு வரியிலும் மூன்று நட்சத்திரக் குறிகள். பதில் இல்லை என்று பொருள். பதின்மூன்றாவதாக ரிப் வருகிறது, ஒவ்வொரு நேர அளவுக்குப் பின்னும் ஓர் ஆச்சரியக்குறியோடு. பார்க்கிறவர் நடுவில் ஆறு ஊமை ரூட்டர்கள் என்றுதான் நினைப்பார். ஜேக்கப்சன் நம்மை நிறுத்தி எண்ணச் சொல்கிறார்: ரிப்புக்கு முன்னால் பன்னிரண்டு வரி, அதில் சரிபாதி காணோம். சரிபாதி என்பது தற்செயலாக இருக்குமா?

இல்லை. ரிப் உண்மையில் ஏழாவது ஹாப்பில்தான் இருக்கிறது. அது சன்-3 கணினி, சன் ஓஎஸ் 3.5 ஓடுகிறது. அந்த இயக்க முறைமை பதில் அனுப்பும்போது புதிய டிடிஎல் வைக்காமல், வந்த பாக்கெட்டில் மிச்சமிருந்த டிடிஎல்லையே எடுத்து ஒட்டி அனுப்புகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிடிஎல் 7 வைத்து அனுப்பினால் ஆறு ரூட்டர் தாண்டி ரிப்பிடம் போகும்போது மிச்சம் 1. அந்த 1ஐ வைத்துக் கிளம்பும் பதில் திரும்பும் வழியில் முதல் ரூட்டரிலேயே சாகிறது. பிழைச் செய்தி செத்ததற்குப் பிழைச் செய்தி கிடையாது, ஆகவே நமக்கு அமைதி. 8, 9, 10 எல்லாம் அதே கதை, ஒவ்வொரு ஹாப் அருகே வந்து வந்து சாகின்றன. 13 வைத்தால் ரிப்பில் மிச்சம் 7. ஆறு ரூட்டரைத் திரும்பக் கடந்து நம் வாசலுக்கு வரும்போது கையில் சரியாக 1. அந்த 1ஐக் கண்டுதான் டிரேஸ்ரூட் ஆச்சரியக்குறி போடுகிறது. மற்றவர் இயக்க முறைமையில் இருக்கும் பிழையைத் தன் கருவியில் ஒரு நிறுத்தற்குறியாக்கி வைத்திருக்கிறார் மனிதர். இந்தப் பிழை அடிக்கடி எதிர்ப்படும், தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டு, டெக் அல்ட்ரிக்ஸ், சன் 3, எச்பி யூஎக்ஸ் என்று விற்பனையாளர்களின் பெயரையும் போட்டே குட்டுகிறார்.

மற்றோர் எடுத்துக்காட்டு எம்ஐடிக்குப் போகும் பதினெட்டு ஹாப். 12, 14, 15, 16, 17 வரிகளில் நட்சத்திரங்கள். 14 முதல் 17 வரை எம்ஐடியின் சி கேட்வே நிரல் ஓடுகிறது, அது ஆயுள் முடிந்த சேதியே அனுப்பாது என்று காரணம் சொல்கிறார். பன்னிரண்டுக்கு? அங்கே என்ன நடக்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம் என்று எழுதிவிட்டு, பிறகு சன்னின் அந்தப் பிழை போலத்தான் இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறார். தொழில்நுட்பக் கையேடு ஒன்றில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தால் அந்தக் கையேட்டை நம்பலாம்.

சன்-3 இன்று யார் வீட்டிலும் இல்லை. ஆனால் அவர் பழக்கிவிட்ட கண் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரே மேசையில் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றையும் வைத்து ஒரே முகவரிக்கு வழி தேடினால் மூன்று விடை வரலாம். ‘லினக்ஸில் பாதி வழியில் நட்சத்திரம், விண்டோஸில் முழுதாகப் போகிறது, எது உண்மை?’ என்ற கேள்வி வலை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குப் பழக்கமானது. இரண்டும் உண்மை. அவை கேட்ட கேள்விதான் வேறு.

விண்டோஸின் டிரேசர்ட் யூடிபியைத் தொடுவதே இல்லை. பிங் அனுப்பும் அதே ஐசிஎம்பி எக்கோவைத்தான் டிடிஎல் குறைத்து அனுப்புகிறது. இது எளிமையானது, இலக்கும் கோணல் இல்லாமல் எக்கோ பதிலே தந்துவிடும். ஜேக்கப்சனுக்கு இது தோன்றாமல் போகவில்லை. ஐசிஎம்பி செய்திகளைப் பற்றி ஐசிஎம்பி செய்தி அனுப்பக் கூடாது என்று ஆர்எஃப்சி 792 பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தது. அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்ட அக்காலத்து ரூட்டர்கள் எக்கோ செத்தால் வாய் திறக்காது. பிழைச் செய்தியைப் பற்றித்தான் பிழைச் செய்தி கூடாது, எக்கோவைப் பற்றி அனுப்பலாம் என்று 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 தெளிவாக்கியது. யூனிக்ஸ் குடும்பம் அந்தத் தெளிவுக்கு முந்தியது, விண்டோஸ் பிந்தியது. இரண்டு இயக்க முறைமைகளின் இன்றைய வேறுபாடு ஒரு பழைய வாக்கியத்தின் நெகிழ்விலிருந்து முளைத்தது.

விளைவு நடைமுறையில் இப்படி: யூடிபியின் உயர்ந்த போர்ட்டுகளை மூடி, பிங்கை மட்டும் விட்டுவைத்த ஃபயர்வாலில் லினக்ஸ் முட்டிக்கொண்டு நிற்கும், விண்டோஸ் நழுவிப் போய்விடும். லினக்ஸில் பெரிய எழுத்து ‘ஐ’ விசையைச் சேர்த்தால் அதுவும் ஐசிஎம்பிக்கு மாறும். பெரிய எழுத்து ‘டி’ சேர்த்தால் டிசிபி இணைப்புக் கேட்கும் பாக்கெட்டையே அனுப்பும். இணையதளச் சேவையகம் ஒன்றுக்கு வழி தேடும்போது பெரும்பாலும் இதுதான் கடைசிவரை போகும், ஏனென்றால் அந்தக் கதவை மூடினால் கடையே மூடியதாகிவிடும்.

விசைகளைச் சொன்னதும் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பெயர் தேடாமல் முகவரியை மட்டும் காட்ட விண்டோஸில் சின்ன ‘டி’, யூனிக்ஸில் சின்ன ‘என்’. யூனிக்ஸில் சின்ன ‘டி’ போட்டால் பிழைதேடும் நிலைக்குப் போய்விடும், பெயர் தேடல் பாட்டுக்கு நடக்கும். ‘டபிள்யூ’ இரண்டிலும் காத்திருக்கும் நேரம். ஆனால் விண்டோஸ் அதை மில்லி நொடியில் வாங்கும், யூனிக்ஸ் நொடியில். கைப்பழக்கத்தில் மாற்றிப் போட்டால் ஒன்று பொறுமையே இல்லாமல் எல்லாவற்றையும் நட்சத்திரமாக்கும், மற்றது பிடிவாதமாகக் காத்துக் கிடக்கும். அதிகபட்ச ஹாப் விண்டோஸிலும் லினக்ஸிலும் 30, மேக்கில் 64. சிஸ்கோ ரூட்டருக்குள் நுழைந்து வழி தேடினால் தனி அனுபவம்: நட்சத்திரங்கள் கொட்டிக்கொண்டே இருக்கும், கன்ட்ரோல் ‘சி’யை எத்தனை தட்டினாலும் நிற்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அமுக்க வேண்டும்.

எழுதிக்காட்டும் அழகிலும் இரண்டு கட்சி. விண்டோஸ் நேரங்களை முதலில் வைத்து, முகவரியைக் கடைசியில் வைக்கிறது. நேர அளவுகள் பத்தி பத்தியாக நேர்கோட்டில் நிற்கும், கண்ணுக்கு இதம். யூனிக்ஸ் முகவரியை முன்னால் வைத்துப் பின்னால் நேரங்களைக் கொட்டுகிறது. வரிகள் கோணல்மாணலாக நீளும். என் ஓட்டு யூனிக்ஸுக்குத்தான். ஒரே ஹாப்பில் மூன்று சோதனைகளுக்கு இரண்டு ரூட்டர்கள் பதில் சொன்னால், யூனிக்ஸ் நடுவில் புதிய முகவரியை எழுதி வழி அங்கே கிளை பிரிகிறது என்று காட்டிவிடும். விண்டோஸ் ஒரு வரிக்கு ஒரு முகவரிதான் தரும். கிளை இருந்ததே தெரியாது.

மூன்று கருவிகளின் குணமும் ஒரே இடத்தில் பளிச்சென்று தெரிவது, இலக்கே ஒரு சிஸ்கோ ரூட்டராக இருக்கும்போது. அந்த ரூட்டர்களில் ‘போர்ட் இல்லை’ போன்ற பிழைச் செய்தியை 500 மில்லி நொடிக்கு ஒன்றுக்கு மேல் அனுப்பாதபடி இயல்பாகவே ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசி வரியை மட்டும் பாருங்கள். நேரம் 12 மில்லி நொடி என்று வைத்துக்கொண்டால், மேக்கில் பெரும்பாலும் ‘12, நட்சத்திரம், 12’ என்று வரும். விண்டோஸில் ‘12, 12, 12’. லினக்ஸில் ‘12, நட்சத்திரம், நட்சத்திரம்’. மேக் பழைய ஜேக்கப்சன் நிரலின் நேர்வாரிசு, ஒன்றை அனுப்பிப் பதில் வந்தபின்தான் அடுத்தது. முதல் சோதனைக்குப் பதில் வந்ததும் இரண்டாவதை உடனே அனுப்புகிறது; அரை நொடி ஆகாததால் ரூட்டர் பேசவில்லை. மேக் ஐந்து நொடி காத்திருந்து நட்சத்திரம் போடுகிறது. அதற்குள் ரூட்டரின் தடை நீங்கிவிடுகிறது, மூன்றாவதுக்குப் பதில் கிடைக்கிறது. லினக்ஸில் இன்று இருப்பது டிமித்ரி புட்ஸ்கோய் புதிதாக எழுதிய நிரல். அது அவசரக்காரன், பதினாறு சோதனைகளை ஒரே நேரத்தில் வீசும். ஆகவே முதலாவது பிழைக்கிறது, கூடவே போன இரண்டும் தடையில் விழுகின்றன. விண்டோஸ் கேட்டதோ எக்கோ. அதற்கு வருவது பிழைச் செய்தியே அல்ல, ஆகவே இந்தக் கட்டுப்பாடு அதைத் தீண்டவில்லை. ரூட்டர் ஒன்று, வழி ஒன்று, இழப்பு எங்கும் இல்லை. கடைசி வரியைப் பார்த்தே யார் எந்தக் கணினியிலிருந்து அனுப்பினார்கள் என்று சொல்லிவிடலாம். லினக்ஸை நிதானமாக்க வேண்டுமானால் சின்ன ‘இசட்’ விசையால் இரண்டு சோதனைகளுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்லலாம்.

லினக்ஸின் இன்னொரு சாமர்த்தியத்தையும் சொல்லாமல் போகக் கூடாது. பழைய யூனிக்ஸில் பிழைச் செய்திகளைப் படிக்கத் தலைமை அதிகாரம், அதாவது ரூட் உரிமை வேண்டும். லினக்ஸ் கர்னல் ஒரு யூடிபி சாக்கெட் அனுப்பிய பாக்கெட்டுக்கு வந்த பிழைகளை அந்தச் சாக்கெட்டின் தனி வரிசையிலேயே கொண்டுவந்து சேர்க்கிறது. கேட்டவன் கேட்டதற்கான பதிலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்த வசதியின் மேல் நிற்கும் டிரேஸ்பாத் என்ற சிறு கருவி, திரும்பி வந்த பாக்கெட்டின் டிடிஎல்லைப் பார்த்து, 64, 128, 255 போன்ற தொடக்க எண்களில் எதிலிருந்து கிளம்பியிருக்கும் என்று கணித்து, போன ஹாப்பும் வந்த ஹாப்பும் ஒத்துப்போகாவிட்டால் வரியோரத்தில் குறித்துக் காட்டுகிறது. ரிப்பின் பிழையைக் கண்டுபிடித்த அதே எண் இங்கே வேறு வேலைக்கு வந்திருக்கிறது.

ஜேக்கப்சன் எண்ணிப் பார்க்க முடியாத ஒரு சிக்கல் பின்னால் வந்தது. பெரிய வலைகளில் ஒரே இலக்குக்குப் பல சமவழிகள் வைத்து, பாக்கெட்டின் முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்துக் கணக்கிட்டு எந்த வழி என்று ரூட்டர் முடிவு செய்யும். ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே வழியில் போக வேண்டும் என்பது நோக்கம். டிரேஸ்ரூட்டோ அடையாளத்துக்காக ஒவ்வொரு சோதனையிலும் போர்ட் எண்ணை மாற்றுகிறது. ரூட்டரின் கண்ணுக்கு ஒவ்வொன்றும் ஒரு புதிய இணைப்பு. மூன்றாம் ஹாப் ஒரு கிளையில், நான்காம் ஹாப் மறு கிளையில் என்று கலந்து, உலகத்தில் இல்லாத ஒரு வழியைத் திரை காட்டும். சிலபோது இல்லாத வட்டத்தைக்கூடக் காட்டும்.

2006இல் பாரிஸ் ஆய்வாளர்கள் கொண்டுவந்த பாரிஸ் டிரேஸ்ரூட் இதற்குச் சொன்ன தீர்வு, எட்டு பைட்டுக்குள்ளேயே இடம் தேடியது. போர்ட்டைத் தொடக் கூடாது, அடையாளமும் வேண்டும். யூடிபி தலைப்பகுதியில் மிச்சமிருப்பது நீளமும் சரிபார்ப்புத் தொகையும். சரிபார்ப்புத் தொகையையே அடையாளமாக்கினார்கள். தொகை தப்பாக இருந்தால் பாக்கெட்டை எறிந்துவிடுவார்களே? ஆகவே வேண்டிய தொகையை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அது சரியாக வரும்படி உள்ளே இருக்கும் தரவைத் திருத்தினார்கள். விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்பக் கணக்கு அமைப்பது போன்ற வேலை. ஐசிஎம்பியில் நேர்மாறு: அங்கே சரிபார்ப்புத் தொகை வழியைத் தீர்மானிப்பதால் அது மாறாதபடி, வரிசை எண் கூடும் அளவுக்கு அடையாள எண்ணைக் குறைத்தார்கள்.

வழியைக் கண்டுவிட்டாலும் எண்களைப் படிப்பதில் இன்னும் ஒரு பாடம் பாக்கி. 1997இல் மேட் கிம்பால் தொடங்கிய எம்டிஆர், வழி தேடுவதையும் பிங்கையும் சேர்த்து இழப்பு விழுக்காட்டை ஹாப்வாரியாக ஓடவிட்டுக் காட்டும். ஐந்தாம் ஹாப்பில் 60 விழுக்காடு இழப்பு என்று சிவந்த கண்ணோடு சேவை நிறுவனத்துக்கு எழுதுகிறவர்கள் உண்டு. ஆறு முதல் கடைசிவரை இழப்பு பூஜ்யம் என்றால் ஐந்தில் ஒன்றும் தொலையவில்லை. பாக்கெட்டைக் கடத்துவதற்கு ரூட்டரில் தனி வன்பொருள். புகார் எழுதுவது அதன் பொது மூளை. மூளைக்கு வேறு வேலை இருந்தால் புகார் தாமதமாகும் அல்லது எழுதப்படாது. கடத்தும் கை ஓய்வதில்லை. ஒரு ஹாப்பில் தொடங்கிய இழப்போ தாமதமோ கடைசிவரை தொடர்ந்தால்தான் அதைப் பொருட்படுத்த வேண்டும். அப்போதும் அந்த நேரத்தில் திரும்பி வந்த வழியும் அடக்கம், அந்த வழியைத் திரை காட்டுவதில்லை என்பதை மறக்கக் கூடாது.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி நொடி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடிக் கம்பி 3,000 கிலோமீட்டருக்கு மேல். ரூட்டர் பெயரில் சென்னை விமான நிலையக் குறியான ‘எம்ஏஏ’ மறைந்து சிங்கப்பூரின் ‘எஸ்ஐஎன்’ வரும் இடத்தில் நேரம் முப்பதுக்கு மேல் தாவ வேண்டும். ஐந்தில் நின்றால் பெயர் பொய். பாக்கெட் இன்னும் கரை தாண்டவில்லை.

இத்தனை தந்திரமும் எதற்கு, முறையாக ஒரு வழி செய்துவிடலாமே என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1993 ஜனவரியில் கேரி மால்கின் எழுதிய ஆர்எஃப்சி 1393, ஐபியிலேயே டிரேஸ்ரூட்டுக்கு என்று ஒரு விருப்பப் புலத்தை முன்வைத்தது. ஒரே பாக்கெட் போகும், வழியில் ஒவ்வொரு ரூட்டரும் தானே முன்வந்து சேதி அனுப்பும். பாக்கெட் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதி, குழப்பமும் இல்லை. ஒரு நிபந்தனைதான்: எல்லா ரூட்டரும் மாற வேண்டும். அவை மாறவில்லை. 2012இல் அந்தப் புலம் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. யாரையும் எதையும் மாற்றச் சொல்லாமல், இருக்கிற பிழைச் செய்தியை வைத்தே காரியத்தை முடித்த நிரல்தான் இன்றும் ஓடுகிறது.

மேக் வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்து டிரேஸ்ரூட்டின் மேன் பக்கத்தை ஒருமுறை கடைசிவரை படித்துப் பாருங்கள். ரிப்பும் எம்ஐடி வழியும் பன்னிரண்டாம் ஹாப்பும் அதில் அப்படியே இருக்கின்றன. லினக்ஸில் தேட வேண்டாம். அங்கே நிரலும் புதிது, பக்கமும் புதிது, அந்த எடுத்துக்காட்டுகள் அதில் இல்லை.